யுகுலேலேயில் ‘அரேபிய’ ஸ்கேல் பழகப் போகிறீர்களா? முதலில் முதல் ஃப்ரெட்டைச் சோதித்துவிடுங்கள்

யுகுலேலேயில் சி, எஃப், ஜி கார்டுகள் (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒன்றாக மீட்டுவது) ஓரளவு கைக்கு வந்ததும் பலருக்கும் வரும் ஆசைதான் எனக்கும் வந்தது. எகிப்து, துருக்கி, கிரீஸ் என்று எங்கேயோ இழுத்துக்கொண்டு போகிற அந்த ‘அரேபிய’ ஸ்கேலை, அதாவது ஸ்வர வரிசையை, வாசித்துவிட வேண்டும். மேற்கத்திய இசைக்காரர்கள் அதை டபுள் ஹார்மோனிக் மேஜர் என்பார்கள். அதற்காக எனக்கு ஏறத்தாழ அரை வருடமும், கருவியையும் சேர்த்து ஒன்பதாயிரத்துச் சொச்சம் ரூபாயும் போயின. அதில் பாதிக்கு மேல் போயிருக்கவே வேண்டியதில்லை. இடது கட்டைவிரல் அடியில் வந்த வலியும், ‘நமக்கு ஸ்ருதி ஞானமே கிடையாது போல’ என்று பல இரவுகள் மனம் வெறுத்துப்போனதும் தனிக் கணக்கு. விவரம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து ஐந்து நிமிடம் பேசியிருந்தால் எல்லாம் தீர்ந்திருக்கும். அப்படி யாரும் எனக்குக் கிடைக்கவில்லை. இதே வழியில் இப்போது போய்க்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வாடகை வீடு, ஒரே ஹால், வேலை முடிந்து வர ராத்திரி ஒன்பது ஆகிவிடும். பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்கும் நேரத்திலும் வாசிக்கக்கூடிய கருவி வேண்டும் என்பதால்தான் யுகுலேலேக்கு வந்தேன். நைலான் கம்பி, மெல்லிய சத்தம். கான்செர்ட் அளவில் ஒன்றை ஆன்லைனில் 2,800 ரூபாய்க்கு வாங்கினேன். அந்த விலைக்கு நல்ல மரம், நல்ல ஒலி, குறை சொல்ல முடியாது. கார்டு வாசிக்கும்வரை எந்தப் பிரச்சினையும் தெரியவில்லை. அப்புறம் ‘எக்ஸாட்டிக் ஸ்கேல்கள்’ என்று விளம்பரம் செய்த ஓர் ஆன்லைன் வகுப்பில் 4,500 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். சொல்லிக்கொடுத்தவர் நல்ல கிட்டார் வாசிப்பாளர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் கொடுத்த படங்கள் எல்லாம் கிட்டாரின் கடைசி நான்கு கம்பிகளுக்குப் போட்டவை, அப்படியே யுகுலேலேக்கு நகர்த்தப்பட்டவை. பணம் கட்டுவதற்கு முன்னால் இதைக் கண்டுபிடிக்க எனக்கு வழி இருக்கவில்லை. உங்களுக்கு இருக்கிறது. எந்த வகுப்பிலும் சேரும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இந்தப் பாடம் ஹை ஜி யுகுலேலேக்கு எழுதப்பட்டதா, லோ ஜி-க்கா?’ பதில் சட்டென்று வரவில்லை என்றால் அங்கே பணம் கட்ட வேண்டாம்.

ஏன் இந்தக் கேள்வி என்று கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். யுகுலேலேயின் நான்கு கம்பிகள் ஜி, சி, ஈ, ஏ. கிட்டாரில் மேலிருந்து கீழே வர வரக் கம்பிகளின் சுருதி ஏறிக்கொண்டே போகும். யுகுலேலேயில் அப்படி இல்லை. மேலே இருக்கும் ஜி கம்பி தடிமனான, கீழ் ஸ்தாயிக் கம்பி கிடையாது, சி, ஈ இரண்டையும்விட உயரமாக ஒலிக்கும். இதுதான் ஹை ஜி. அந்த ஜி-யை ஒரு ஸ்தாயி கீழே வைத்தால் லோ ஜி. 1879-இல் மதீரா தீவிலிருந்து ராவன்ஸ்கிராக் என்ற கப்பலில் ஹொனலுலு போய் இறங்கிய போர்ச்சுகீசியக் குடியேறிகளில் மூன்று மரவேலைக்காரர்கள் இருந்தார்கள். தங்கள் ஊர் மஷேட், ரஜாவ் என்ற சின்னக் கருவிகளை அங்கே கிடைத்த மரத்தில் செய்யத் தொடங்கினார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் யுகுலேலே. இந்த ஏறி இறங்கும் கம்பி அமைப்பு ரஜாவிலிருந்து வந்தது. எனக்கு வகுப்பில் கொடுத்த படம் இப்படி (எண் என்பது எத்தனையாவது ஃப்ரெட், அதாவது கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டை; 0 என்றால் அழுத்தாமல் திறந்த கம்பி): ஜி கம்பியில் 0, 1, 4, சி கம்பியில் 0, 2, 3, ஈ கம்பியில் 2, 3. லோ ஜி கருவியில் இது ஒழுங்காக ஏறிப்போகும் ஸ்கேல். என் கருவியிலோ முதல் மூன்று ஸ்வரமும் உச்சியில் ஒலித்துவிட்டு நான்காவது தடாலென்று கீழே விழுந்தது. திரும்பத் திரும்ப வாசித்தேன். இசையாகவே கேட்கவில்லை. கேட்டதற்கு, ‘லோ ஜி கம்பி வாங்கி மாட்டுங்கள்’ என்று பதில் வந்தது. அந்த செட் 850 ரூபாய். தடிமனான கம்பி, தலைப்பக்கக் காடியில் சரியாக உட்காரவில்லை, மேலே தூக்கிக்கொண்டு நின்றது. ஏறுவரிசை இப்போது வரிசையாகத்தான் வந்தது, ஆனால் இரண்டாவது ஸ்வரம் முன்பைவிடக் கோரமாக இருந்தது.

அந்த இரண்டாவது ஸ்வரம்தான் என்னைப் படுத்தி எடுத்தது. இந்த ஸ்கேலின் உயிரே அரை அரையாக நெருங்கி நிற்கும் ஸ்வரங்களும் அவற்றுக்கிடையே திறக்கும் பெரிய இடைவெளியும்தான். அரைச் சுரக் கணக்கில், அதாவது ஒரு ஃப்ரெட்டுக்கு ஒன்று என்று, சொன்னால் 1, 3, 1, 2, 1, 3, 1. முதல் தாவல் மிக நெருக்கம், அடுத்தது மூன்று மடங்கு அகலம். அந்த நெருக்கம் கொஞ்சம் தளர்ந்தாலும் போதும், பாலைவனமும் இல்லை, பழைய கோயிலும் இல்லை, சுருதி விலகிய கருவிதான் கேட்கும். எனக்கு அதுதான் கேட்டுக்கொண்டிருந்தது. வகுப்பில் பதிவு அனுப்பினால், ‘காது இன்னும் பழகவில்லை, விரலை நன்றாக அழுத்துங்கள்’ என்றார்கள். அழுத்தினேன். இன்னும் மோசமானது. இன்னும் அழுத்தினேன். கட்டைவிரல் அடியில் வலி வந்து, அலுவலகத்தில் மவுஸ் பிடிக்கவே சிரமமாகி, சில வாரங்கள் கருவியைத் தொடாமல் வைக்க வேண்டியதாயிற்று. நைலான் கம்பியை ஃப்ரெட்டில் படும் அளவுக்கு அழுத்தினால் போதும். அதற்கு மேல் அழுத்தினால் கம்பி இழுபட்டு சுருதி ஏறும். அழுத்த அழுத்த ஸ்வரம் மேலே ஏறிக்கொண்டே போகிறது என்றால் உங்கள் காது சரியாகத்தான் இருக்கிறது, சந்தேகப்பட வேண்டியது கருவியை.

பொங்கலுக்கு அக்கா வந்திருந்தாள். அதற்குள் வெறுத்துப்போய்ப் பழைய ஹை ஜி கம்பியையே திரும்ப மாட்டி, சி-யிலிருந்து தொடங்கும் இன்னொரு படத்தை வைத்துத் தடவிக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து வந்து நின்று கேட்டவள், “டேய், இது மாயாமாளவகௌளைடா. பாட்டு கிளாஸ்ல மொத நாள் இதைத்தான் பாட விட்டாங்க” என்றாள். எனக்கு வாயடைத்துப்போனது. நான் பாட்டு கற்றதில்லை, அவள் சின்ன வயதில் சில வருடம் போனவள். கர்நாடக இசையில் 15-ஆவது மேளகர்த்தா, அதாவது தாய் ராகம், அது. புரந்தரதாசர்தான் ஆரம்பப் பாடங்களை அந்த ராகத்தில் அமைத்தார் என்று மரபாகச் சொல்வார்கள். சரளி வரிசை, ஜண்டை வரிசை எல்லாம் அதில்தான். ஊரெங்கும் மாலை நேரத்தில் பிள்ளைகள் பாடும் ஒன்றை ‘எக்ஸாட்டிக்’ என்ற பெயரில் 4,500 ரூபாய்க்கு எனக்கு விற்றிருக்கிறார்கள் என்பதில் கோபம் வந்தது. ஆனால் அடுத்து அவள் சொன்னதுதான் என்னைக் காப்பாற்றியது. போனில் தம்புரா செயலியை ஒன்றாம் கட்டையில் போட்டாள். யுகுலேலேயின் சி கம்பி அதுதான், ஒன்றாம் கட்டை. மெதுவாக ஒவ்வொரு ஸ்வரமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “ஸ சரியா நிக்குது. க-வும் சரி. ரி ஏறியிருக்கு, ம-வும் ஏறியிருக்கு. மேல நி–ஸ அழகா சேருது. உனக்கு காது இல்லேன்னா அது எப்படிச் சேரும்?” என்றாள்.

அவள் போன பிறகு உட்கார்ந்து பார்த்தேன். ஸ என்பது சி கம்பியைத் திறந்தபடி மீட்டுவது, க என்பது ஈ கம்பியைத் திறந்தபடி மீட்டுவது. ஏறியிருந்த ரி, ம இரண்டும் அந்தந்தக் கம்பியின் முதல் ஃப்ரெட். நி–ஸ இரண்டுமே ஏ கம்பியில் அழுத்தி வாசிப்பவை, இரண்டாவது, மூன்றாவது ஃப்ரெட். அதாவது, திறந்த கம்பிக்கும் முதல் ஃப்ரெட்டுக்கும் நடுவில்தான் கோளாறு. ட்யூனர் செயலியை எடுத்தேன். அதை யுகுலேலே முறையில் வைத்தால் ஜி, சி, ஈ, ஏ நான்கை மட்டும்தான் காட்டும். குரோமாட்டிக் முறைக்கு மாற்ற வேண்டும், அப்போதுதான் டி ஃப்ளாட்டை, அதாவது நம் ரி-யை, காட்டும் (பெரும்பாலும் சி ஷார்ப் என்று எழுதியிருக்கும், இரண்டும் ஒன்றே). ஓர் அரைச் சுரம் என்பது 100 சென்ட். என் சி கம்பியின் முதல் ஃப்ரெட் 25 சென்ட் ஏறி நின்றது. அரைச் சுரத்தில் கால் பங்கு! இந்த ஸ்கேலில் கால் பங்கு ஏறினால் எதுவும் மிஞ்சாது. சாதாரண சி கார்டு வாசிக்கும்போது மூன்று கம்பி திறந்தே இருக்கும், முதல் ஃப்ரெட் பக்கமே போவதில்லை, அதனால்தான் அதுவரை தெரியவில்லை.

கிட்டார் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். கருவியை வாங்கி, சி கம்பியை இரண்டாவது, மூன்றாவது ஃப்ரெட்டுக்கு நடுவில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி எவ்வளவு தூக்கி நிற்கிறது என்று பார்க்கச் சொன்னார். அங்கே ஒரு விசிட்டிங் கார்டைச் செருகிக் காட்டினார், தாராளமாகப் போனது. “தம்பி, இங்க ஒரு பேப்பர் போறதுக்கே யோசிக்கணும். நட்டு உசரம். உங்க விரல் மேல தப்பு இல்ல” என்றார். நட் என்பது கம்பிகள் தலைப்பக்கம் உட்காரும் அந்தச் சின்ன வெள்ளைப் பட்டை. அதன் காடிகள் போதிய ஆழம் இல்லாவிட்டால் கம்பி உயரத்தில் நிற்கும். முதல் ஃப்ரெட்டில் அழுத்தக் கூடுதலாகக் கீழே இழுக்க வேண்டும், இழுத்தால் சுருதி ஏறும். தள்ளிப் போகப் போக இந்தக் கோளாறு குறைந்துவிடும். விலை மலிவான கருவிகளில் இது சர்வசாதாரணம் என்றார். காடி ஆழமாகிவிட்டால் கம்பி ஃப்ரெட்டில் பட்டு அதிரும், அப்போது நட்டையே மாற்ற வேண்டும் என்பதால், தொழிற்சாலையில் உயரமாகவே விட்டுவிடுவார்களாம். மெல்லிய அரத்தால் கொஞ்சம் ராவுவார், கம்பியைப் போட்டுப் பார்ப்பார், மறுபடி கொஞ்சம் ராவுவார். 350 ரூபாய் வாங்கினார். புதுக் கம்பி செட் 600. வெளியே வந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்து ஸ, ரி, க, ம வாசித்தேன். ரி வந்து ஸ-வை ஒட்டிக்கொண்டு நின்றது. கண் கலங்கிவிட்டது, மறைக்க ஒன்றும் இல்லை.

கடையில் கருவி வாங்கும்போதே இதைச் சோதித்துவிடலாம். நான்கு கம்பியையும் சுருதி கூட்டுங்கள், ஒவ்வொன்றின் முதல் ஃப்ரெட்டையும் இலேசாக அழுத்தி ட்யூனரைப் பாருங்கள். ஐந்து சென்ட்டுக்குள் இருந்தால் வாங்குங்கள். பத்தைத் தாண்டினால் நட் வேலைக்குப் பணம் ஒதுக்குங்கள், அல்லது வேறொன்றை எடுத்துத் தரச் சொல்லுங்கள். பிறகு பன்னிரண்டாவது ஃப்ரெட், அது திறந்த கம்பியின் மேல் ஸ்தாயியாக இருக்க வேண்டும். அங்கே விலகினால் கோளாறு பிரிட்ஜ் (கம்பிகளின் மறுமுனையைக் கட்டியிருக்கும் இடம்) பக்கம், அதைச் சரிசெய்வது கஷ்டம், அந்தக் கருவியே வேண்டாம். புது நைலான் கம்பி சில நாளுக்கு இழுபட்டுக்கொண்டே இருக்கும், அந்த நாட்களில் நிமிடத்துக்கு ஒருமுறை சுருதி இறங்குவதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். வீட்டிலேயே அரம் வைத்து ராவப் பார்க்காதீர்கள், 350 ரூபாய் அதற்குத் தகும்.

சரி, எப்படி வாசிப்பது? ஹை ஜி கருவிக்கு இந்த ஸ்கேல் அளவெடுத்துச் செய்தது போலவே பொருந்துகிறது, இதை எனக்கு எந்தப் படமும் காட்டவில்லை. சி கம்பியில் 0, 1: ஸ, ரி. ஈ கம்பியில் 0, 1: க, ம. ஜி கம்பியில் 0, 1: ப, த. ஏ கம்பியில் 2, 3: நி, ஸ. முடிந்தது. கம்பிக்கு இரண்டு ஸ்வரம். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. நெருங்கி நிற்கும் ஜோடிகள் நான்கும் தனித்தனிக் கம்பியில் விழுகின்றன. அதனால் கம்பிகளை ஒலிக்க விட்டுக்கொண்டே வாசித்தாலும் ஸ-வும் ரி-யும் ஒன்றோடொன்று மோதாது, ஏனென்றால் ரி-க்கு விரல் வைத்ததும் ஸ தானாக நின்றுவிடும். க-வின் மேல் ப-வும், ம-வின் மேல் த-வும் தவழ்ந்து ஒலிக்கும். ஹார்ப் கேட்கிற மாதிரி இருக்கும். வலது கையில் கட்டைவிரல் சி, ஜி கம்பிகளுக்கு, ஆள்காட்டி விரல் ஈ, நடுவிரல் ஏ என்று நான் வைத்துக்கொண்டேன். க, ம-விலிருந்து ப-வுக்குப் போகும்போது கை மேலே தாவ வேண்டும், அந்த ஓர் இடம்தான் பழகக் கொஞ்சம் நாள் பிடிக்கும். மூன்று ஸ்வரம் முதல் ஃப்ரெட்டிலேயே இருப்பதால்தான் நட்டைப் பற்றி இவ்வளவு சொன்னேன்.

இதோடு சி கம்பி ஒன்றிலேயே முழு ஸ்தாயியையும் வாசித்துப் பழகுங்கள்: 0, 1, 4, 5, அப்புறம் 7, 8, 11, 12. முதல் நான்குக்கும் அடுத்த நான்குக்கும் ஒரே அமைப்பு. கண்ணால் பார்த்தாலே புரிந்துவிடும், கீழே ஸ-ரி-க-ம எப்படியோ மேலே ப-த-நி-ஸ அப்படியே. முதல் ஃப்ரெட்டிலிருந்து நான்காவதுக்குச் சுண்டுவிரலை நீட்டும்போது மணிக்கட்டை வளைக்காதீர்கள், கையையே நகர்த்துங்கள். என் வலியெல்லாம் அங்கேதான் சேர்ந்தது.

லோ ஜி கம்பி வீண் என்று சொல்லமாட்டேன். ஹை ஜி-யில் ஸ-வுக்குக் கீழே போகவே முடியாது. லோ ஜி-யில் 0, 1, 4 வைத்தால் மந்திர ஸ்தாயி ப, த, நி கிடைக்கும். பாட்டு வாசிக்கும் எண்ணம் இருப்பவர்களுக்கு ஒருநாள் அது தேவைப்படும், அப்போது நட் காடியையும் அகலப்படுத்தி மாட்டுங்கள். பெண்கள் குரலுக்கு வாசிக்க வேண்டும் என்றால் ஐந்தாம் கட்டை, அதாவது ஜி. ஹை ஜி கருவியில் ஜி கம்பி 0, 1, பிறகு ஏ கம்பியில் 2, 3, 5, 6, 9, 10. ஆறிலிருந்து ஒன்பதுக்கு ஒரு நீட்டல் இருக்கிறது. அக்கா பாட நான் இதைத்தான் வாசிக்கிறேன்.

என் வகுப்பில் டபுள் ஹார்மோனிக், பைசாண்டைன், அரேபியன், ஜிப்சி மேஜர் என்று நான்கு தனித்தனிப் பாடங்கள் இருந்தன. 1, 3, 1, 2, 1, 3, 1 என்று எண்ணிப் பாருங்கள், நான்கும் ஒன்றே. ஐந்தாவதாக ஹங்கேரியன் மைனர். அதே ஸ்வரங்களை ம-விலிருந்து தொடங்கினால் அது, நம் கணக்கில் சிம்மேந்திரமத்திமம். ஆக, பாடப் பட்டியலில் பெயர்களை எண்ணிப் பணம் கட்டாதீர்கள், இடைவெளிகளை எண்ணுங்கள். நிஜமாகவே வேறு ஸ்கேல் வேண்டுமென்றால் ஒரே ஒரு விரலை மாற்றினால் போதும்: நி-யை ஏ கம்பியின் இரண்டாவதிலிருந்து முதல் ஃப்ரெட்டுக்கு இறக்கினால் வகுளாபரணம், மேற்கத்தியர் ஃப்ரிஜியன் டாமினன்ட் என்பது அதுதான். அரபு மகாம்களையே (அவர்கள் ராகங்கள் மாதிரி) வாசிக்க ஆசைப்படுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ரஸ்த், பயாத்தி போன்றவற்றில் இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் விழும் ஸ்வரங்கள் உண்டு. அவற்றை வாசிக்கும் அரபு ஊத் வாத்தியத்தில் ஃப்ரெட் கிடையாது, அவர்கள் விரலை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். யுகுலேலேயில் அது முடியாது, அதற்காக யாரும் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கார்டு போட்டுப் பாட விரும்புகிறவர்கள் சி மேஜரையும் (0003, ஜி, சி, ஈ, ஏ வரிசையில் ஃப்ரெட் எண்கள்) டி ஃப்ளாட் மேஜரையும் (1114) மாறி மாறி வாசியுங்கள், அந்த மணம் உடனே வந்துவிடும். எஃப் மைனர் 1013. வழக்கமான ஜி செவன் இங்கே உதவாது, அதில் டி இருக்கிறது, நம் ஸ்கேலில் டி இல்லை. அதற்குப் பதில் 0112 வைத்துப் பாருங்கள், ஜி, டி ஃப்ளாட், எஃப், பி, நான்குமே ஸ்கேலுக்குள் இருப்பவை. முதல் தடவை கேட்கும்போது கரடுமுரடாக இருக்கும். அதிலிருந்து சி-க்கு இறங்கிப் பாருங்கள்.